அல்யோனா சவ்சென்கோவைத் தேடி ஒரு மாதச் சந்தா

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளின் பழைய ஒளிப்பதிவுகளைச் சந்தாவுக்குப் பார்க்கத் தரும் ஒரு சேவையை ஒரு மாதம் முழுவதும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேவையின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. சந்தாவை நிறுத்திய பின்னும் அடுத்த மாதத்துக்கான தொகையை என் வங்கி அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. தீராத கணக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் குறை எழுதினால், எது மதிப்புரை, எது வயிற்றெரிச்சல் என்று படிப்பவருக்குத் தெரியாது. மேலும், இவ்வகைச் சேவைகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதால், இங்கே சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு காப்பகத்தைச் சோதிப்பதற்கு எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. பாட்டுச் செயலியாக இருந்தால் ஒரே ஒரு பாடகரை எடுத்துக்கொண்டு, அவருடைய முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை அதற்குள்ளேயே கேட்டு முடிக்க முடிகிறதா என்று பார்ப்பேன். இங்கும் அதையே செய்தேன். தேர்ந்தெடுத்தது ஜோடி ஸ்கேட்டிங் வீராங்கனை அல்யோனா சவ்சென்கோவை. 5 ஒலிம்பிக் போட்டிகள், அவற்றில் 3 துணைவர்கள், 2 நாடுகள், 6 உலகப் பட்டங்கள் என்று நீளும் வாழ்க்கை அவருடையது. எங்கே வெட்டினாலும் பாதி விளங்காமல் போய்விடும் வாழ்க்கை என்பதால், காப்பகத்தின் இடைவெளிகளைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

முதல் இடைவெளி தேடல் பெட்டியிலேயே காத்திருந்தது. அவர் 1984 ஜனவரி 19 அன்று, கீவ் நகருக்குத் தெற்கே உள்ள ஒபுகிவ் என்ற ஊரில் பிறந்தவர். உக்ரைனுக்காக ஆடிய நாட்களில் ஓலேனா என்றும், ஜெர்மனிக்கு வந்த பிறகு அல்யோனா என்றும், சில பட்டியல்களில் அலியோனா என்றும் அவர் பெயர் எழுதப்பட்டது. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது இந்தச் சேவைக்குத் தெரியாது. அல்யோனா என்று தேடினால் 2000-களின் நடுப்பகுதியில் திடீரென்று வானத்திலிருந்து குதித்தவர்போல் வருகிறார். நாட்டை வைத்து வடிகட்டினால் நிலைமை இன்னும் மோசம்: ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தால் உக்ரைனில் ஆடிய காலம் மறைகிறது, உக்ரைனைத் தேர்ந்தெடுத்தால் பதக்கங்கள் அனைத்தும் மறைகின்றன. நாடு மாறுவதும், அதற்கேற்பப் பெயரின் எழுத்து மாறுவதும் ஜோடி ஸ்கேட்டிங்கில் அன்றாட நிகழ்ச்சி. அந்த விளையாட்டைக் காசுக்கு விற்பவர்கள் இதைக்கூட யோசிக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்து 2002, சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். அந்த ஆண்டின் ஜோடிப் போட்டியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ரஷ்யாவின் பெரெஷ்னாயா - சிகாருலிட்சே ஜோடிக்குத் தங்கம் அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு நடுவர் ஒருவர் அழுத்தத்துக்குப் பணிந்து மதிப்பெண் போட்டார் என்ற புகார் வெடித்தது. கடைசியில் கனடாவின் சாலே - பெல்தியே ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்து விவகாரத்தை ஆற்றினார்கள். இந்தச் சேவையில் அதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. இரண்டு ஜோடிகளின் ஆட்டமும், பதக்க மேடையும், செய்தித் துண்டுகளும் உள்ளன. அதே போட்டியில் 15-ஆவது இடத்தில் முடித்த, அப்போது 18 வயதான ஓர் உக்ரைன் பெண்ணின் ஆட்டம் மட்டும் இல்லை. அவரும் அவருடைய துணைவர் ஸ்தானிஸ்லாவ் மொரோசோவும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 2000-இல், ஜெர்மனியின் ஓபெர்ஸ்ட்டோர்ஃபில் இளையோர் உலகப் பட்டம் வென்றிருந்தார்கள். அந்த ஆட்டமும் இல்லை. பதக்கத்தை வைத்து அடுக்கப்பட்ட காப்பகம் இது. 15-ஆவது இடத்துக்கு அதில் அலமாரி கிடையாது.

ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவரைப் பொறுத்தவரை இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்ற ஆண்டுகளில் அவர் தனியாகத் தோற்றார், பிறகு தனியாக வென்றார் என்று நாமே கோடு போட்டு நிரப்பிக்கொள்ள முடியும். ஜோடி ஆட்டக்காரரின் வாழ்க்கையோ துணைவர் அமைவதிலும் பிரிவதிலும்தான் திரும்புகிறது. உயரம், எடை, சுழலும் திசை, தாவலின் தரம், பயிற்சி ஊர், நாட்டுக் கூட்டமைப்பின் சம்மதம் ஆகிய எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவரும் ஒருவரைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு. வரன் பார்ப்பதைவிடக் கடினம் என்றே சொல்லலாம். இதில் இடையில் நடுவர்களும் வந்து மதிப்பெண் போடுவார்கள். சீனாவின் ஷென் சுவே - ஜாவ் ஹோங்போ போல 1992-இல் சேர்ந்து, 2002-இலும் 2006-இலும் வெண்கலம் பெற்று, 2010-இல் தங்கம் வாங்கும்வரை ஒரே துணையோடு ஆடியவர்களுக்கு இந்தச் சேவையின் அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது. அவர்கள் பக்கத்தில் ஓர் இடைவெளியும் தெரியவில்லை.

சவ்சென்கோவின் பக்கத்திலோ கதையின் முடிச்சுகள் எல்லாம் வெளியே கிடக்கின்றன. மொரோசோவிடமிருந்து பிரிந்தபின் 2003-இல் அவர் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குப் போனார். அங்கே கிடைத்த துணைவர் ரோபின் சொல்கோவி. தான்சானியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் 1979-இல் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர். பயிற்சியாளர் இங்கோ ஸ்டாயர், 1997-இல் மாண்டி வோட்செலோடு உலகப் பட்டம் வென்றவர். இதற்கிடையில் பழைய துணைவர் மொரோசோவ், தாத்தியானா வொலொசொஷார் என்ற இளம் பெண்ணோடு ஜோடி சேர்ந்து, அதே கெம்னிட்ஸில் அதே ஸ்டாயரிடமே சில காலம் பயிற்சி பெற்றார். 2010-க்குப் பிறகு அந்தப் பெண் ரஷ்யாவுக்குப் போய் மக்சிம் திராங்கோவோடு சேர, மொரோசோவ் அவர்களுடைய பயிற்சிக் குழுவுக்கு மாறினார். 2013-இல் உலகப் பட்டத்தையும் 2014-இல் சோச்சி ஒலிம்பிக் தங்கத்தையும் சவ்சென்கோவுக்குக் கிடைக்கவிடாமல் செய்தவர்கள் அந்த ஜோடியினரே. முன்னாள் துணைவர் எதிர்முகாமின் தடுப்புப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார் என்பது தெரியாமல் சோச்சி ஆட்டத்தைப் பார்ப்பது, உறவுமுறை தெரியாமல் கல்யாண வீட்டுச் சண்டையைப் பார்ப்பதைப் போன்றது. இந்தச் சேவையின் ஆள் விவரப் பக்கங்களில் முன்னாள் துணைவர் யார் என்ற வரியே இல்லை. ஒரே ஒரு வரி. அதைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

சொல்கோவியோடு ஆடிய பதினோரு ஆண்டுகள்தான் இந்தக் காப்பகத்தில் நிறைவாகக் கிடைக்கும் பகுதி. 2005 டிசம்பர் கடைசியில் சவ்சென்கோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. 2006 டூரின் ஒலிம்பிக்கில் 6-ஆவது இடம். அதே நேரத்தில் ஸ்டாயர் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஸ்டாசி உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தவர் என்பது வெளிவந்தது. அவரை அழைத்துச் செல்லக் கூடாது என்று ஜெர்மன் ஒலிம்பிக் குழு முயன்றும், நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெற்று அவர் டூரினுக்குச் சென்றார். பிறகு அரசுப் பணம் அவருக்கு நின்றுபோனது, ஜோடியோ அவரை விடவில்லை. 2007-இல் வார்சாவில் ஐரோப்பியப் பட்டம். 2008-இல் கோட்டன்பர்க்கிலும் 2009-இல் லாஸ் ஏஞ்சல்சிலும் உலகப் பட்டம். 2011-இல் மாஸ்கோவிலும் 2012-இல் நீஸிலும் மறுபடியும். இந்த ஆட்டங்கள் எல்லாமே முழு நீளத்தில் உள்ளன. 2008 வரையிலான பதிவுகளில் படம் சற்றுக் கலங்கலாக இருக்கிறது. கைபேசியில் பார்த்தால் தெரியாது, தொலைக்காட்சியில் போட்டால் உடையில் பதித்த மணிகள் கரைந்து ஒரே மினுமினுப்பாகிவிடுகின்றன.

வர்ணனையை நிறுத்திவிட்டு அரங்க ஒலியை மட்டும் கேட்கும் வசதி சில போட்டிகளுக்கு இருக்கிறது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. தாவலுக்கு முன்பு பிளேடு பனியைக் கீறும் ஓசை கேட்கிறது, பெண் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் ஓசை இல்லை, பிறகு ஒற்றைக் கால் தரையிறங்கும் டக் என்ற சத்தம். இருவர் சேர்ந்தாற்போலத் தனித்தனியாகத் தாவும் இடங்களில் இரண்டு டக்குகளும் ஒன்றாக விழுகின்றனவா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். வர்ணனையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது இது எதுவும் காதில் விழாது.

இப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் ட்விஸ்ட் வந்தது. துணைவர் பெண்ணைத் தலைக்கு மேலே செங்குத்தாக எறிகிறார். அந்தப் பெண் படுத்தவாக்கில் மூன்று முறை சுழன்று இறங்குகையில் இடுப்பைப் பிடித்து வாங்கிக்கொள்கிறார். அடுத்து த்ரோ ஜம்ப். இதில் பெண்ணைப் பக்கவாட்டில் வீசுகிறார்; அவர் நாலைந்து மீட்டர் தொலைவில் தனியாகப் போய் ஒற்றைக் காலில் இறங்குகிறார். “அப்பா, முதல்ல பிடிச்சாரே, இப்ப ஏன் பிடிக்கல?” என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலைவிட அவள் கேட்ட கேள்வி மேலானது. ஜோடி ஆட்டத்தின் பாதி இலக்கணம் அதற்குள் இருக்கிறது: ஒரு தாவலில் துணைவரை நம்ப வேண்டும், அடுத்ததில் துணைவர் தந்த வேகத்தை வைத்துக்கொண்டு தன்னை மட்டுமே நம்ப வேண்டும். இத்தகைய அடிப்படைகளை ஒரு நிமிடத்தில் விளக்கும் காணொளி இந்தச் சேவையில் உண்டா என்று தேடினேன். உடை அலங்காரத்தைப் பற்றி ஏழு இருந்தன, இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இந்தத் த்ரோ ஜம்பில்தான் சவ்சென்கோவின் பிடிவாதத்தை முழுமையாகப் பார்க்கலாம். ஆக்செல் மட்டும் முன்னோக்கிக் கிளம்பும் தாவல் ஆகையால், மூன்று சுற்று ஆக்செல் என்பது உண்மையில் மூன்றரைச் சுற்று. எறியப்பட்ட நிலையில் அதைச் செய்வது மிகக் கடினம். 2006-இல் அமெரிக்காவின் ரெனா இனோவே - ஜான் பால்ட்வின் ஜோடி அதைப் போட்டியில் முதன்முதலாக இறக்கிக் காட்டியது. சவ்சென்கோ பல பருவங்கள் அதன் பின்னால் அலைந்தார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் ஷென் - ஜாவுக்கு 216.57, இன்னொரு சீன ஜோடியான பாங் - டோங்குக்கு 213.31, சவ்சென்கோ - சொல்கோவிக்கு 210.60 புள்ளிகள், வெண்கலம். 2014 சோச்சியில், போட்டியின் முதல் ஆட்டமான குறும்பகுதிக்கு இளஞ்சிவப்பு உடையில் வந்து இரண்டாம் இடத்தில் நின்றவர்கள், இரண்டாவது ஆட்டமான நீண்ட பகுதியின் கடைசியில், பத்திரமான எளிய தாவலை விட்டுவிட்டு அந்தத் த்ரோ ஆக்செலையே போட்டார்கள். சவ்சென்கோ விழுந்தார். 215.78 புள்ளிகள், மறுபடியும் வெண்கலம். 218.68 எடுத்த ஸ்தோல்போவா - கிளிமோவ் ஜோடிக்கு வெள்ளி. இந்த ஆட்டத்தை மூன்று முறை பார்த்தேன். விழுந்து எழுந்த பிறகு இசை தீர்ந்துபோகிறது. சரிசெய்துகொள்ள அடுத்த தாவல் என்று ஒன்று மிச்சமில்லை. நான்கு ஆண்டு உழைப்பை இப்படி ஒரே எறிதலில் வைத்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றே சொல்வேன். ஆனால் வெள்ளியில் திருப்தி அடைந்திருக்கக்கூடிய ஒருவர் அதற்குப் பிறகு நடந்த எதையும் செய்திருக்கமாட்டார்.

சோச்சிக்கு அடுத்த மாதமே சைத்தாமாவில் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றார்கள். சொல்கோவி ஓய்வு பெற்றார். இங்கே காப்பகத்தில் ஒரு பெரிய வெள்ளை இடம் வருகிறது. 2014-15 பருவத்துக்குச் சவ்சென்கோவின் பெயரில் ஒரு பதிவும் கிடையாது. இது சேவையின் குற்றமன்று, அந்தப் பருவத்தில் அவர் போட்டியிடவே இல்லை. ஆனால் ஏன் போட்டியிடவில்லை என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். பிரான்சின் கான் (Caen) நகரைச் சேர்ந்த, அவரைவிட ஐந்து வயது இளையவரான புருனோ மாசோ புதிய துணைவராக வந்தார். வேறொரு நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் சொந்த நாட்டுக் கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பிரெஞ்சுக் கூட்டமைப்பு அதை நீண்ட காலம் தரவில்லை. 2015 இறுதியில், 30,000 யூரோ கட்டிய பிறகே கடிதம் வந்தது. 30 வயதைத் தாண்டிய ஒரு ஜோடி ஆட்டக்காரருக்கு ஒரு பருவம் என்பது சிறிய இழப்பில்லை. கடிதம் வந்த பிறகும் ஒலிம்பிக்குக்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்கு ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். மாசோ அதில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். 2017 நவம்பரில் குடியுரிமை கிடைத்தபோது, பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு மூன்று மாதங்கள்கூட இல்லை. அலெக்சாண்டர் கோனிக்கிடம் அவர்கள் பயிற்சி பெற்ற ஊர் ஓபெர்ஸ்ட்டோர்ஃப், 2000-இல் இளையோர் பட்டம் வென்ற அதே ஊர்.

பியோங்சாங் 2018-க்குச் சேவையில் மூன்று வடிவங்கள் உள்ளன: மூன்று நிமிடச் சுருக்கம், தனி ஆட்டம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் முழு அமர்வு. முதல் இரண்டை ஒலிம்பிக் அமைப்பின் யூடியூப் பக்கத்திலேயே காசில்லாமல் பார்த்துவிடலாம். சந்தா கட்டுவதற்கு ஒரே நியாயம் மூன்றாவது வடிவம்தான். அதைப் பார்க்கும்போது பக்கத்தில் இன்னொன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியம் ஒவ்வொரு போட்டிக்கும் நடுவர்களின் விரிவான மதிப்பெண் தாளைப் பிடிஎஃப் கோப்பாக இலவசமாக வெளியிடுகிறது. ஒவ்வொரு தூக்குதலுக்கும் தாவலுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி, அதன் அடிப்படைப் புள்ளி, ஒன்பது நடுவர்களும் தரத்துக்காகக் கூட்டியது, கழித்தது என்று எல்லாம் அதில் இருக்கும். அதிக மதிப்பும் குறைந்த மதிப்பும் நீக்கப்பட்டு மீதி ஏழின் சராசரி எடுக்கப்படும். 2002 ஊழலுக்குப் பிறகு எந்த நடுவர் எதைப் போட்டார் என்பது மறைக்கப்பட்டிருந்தது. அந்த மறைப்பு 2016-இல் நீங்கியது. எனவே வான்கூவர், சோச்சித் தாள்களில் யார் எதைக் கொடுத்தார் என்று கண்டுபிடிக்க முடியாது, பியோங்சாங் தாளில் முடியும். சவ்சென்கோ ஒருவருடைய ஒலிம்பிக் தாள்களை வரிசையாக வைத்தாலே இந்த விளையாட்டின் மதிப்பெண் முறை பட்ட பாடு தெரிந்துவிடும். ஒரு ரூபாயும் செலவில்லை.

குறும்பகுதியில் மாசோ சால்கோவ் என்ற தாவலில் மூன்று சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் இரண்டே சுற்று சுற்றினார். அந்தப் பருவத்து விலைப்பட்டியலில் மூன்று சுற்றின் அடிப்படை 4.4, இரண்டு சுற்றின் அடிப்படை 1.3. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மூன்று புள்ளிக்கு மேல் போய்விட்டது. 76.59 புள்ளிகளோடு நான்காம் இடம். முதலிடத்தில் சீனாவின் சுய் வென்ஜிங் - ஹான் சோங் 82.39. இடைவெளி 5.80. இந்த வரிகளைத் தாளில் பார்த்துவிட்டு மறுநாள், அதாவது 2018 பிப்ரவரி 15-இன் நீண்ட பகுதியைப் பார்க்க வேண்டும்.

நடன அமைப்பு கிறிஸ்டபர் டீன். சவ்சென்கோ பிறந்து நான்கு வாரங்கள்கூட ஆகாத நாளில், 1984 சரயேவோ ஒலிம்பிக்கில், ஜேன் டார்வில்லோடு ஐஸ் டான்ஸ் தங்கம் வென்றவர். இசை ஆர்மான் அமார். நாலரை நிமிட ஆட்டத்தில் முதல் ட்விஸ்டே வழக்கத்தைவிட உயரமாகப் போகிறது. மாசோ கையை இறக்கிக்கொண்டு ஒரு கணம் சும்மா நிற்பதுபோல் தோன்றும் அளவுக்கு நேரம் இருக்கிறது. தூக்குதல்களில் கை மாற்றும் இடங்களை அரங்க ஒலியோடு பார்த்தேன். பிளேடின் கீறல் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கிறது, கைமாற்றத்துக்காக வேகத்தைக் குறைக்கவில்லை என்பது அந்த ஓசையிலேயே தெரிகிறது. முந்தைய நாள் ஏமாற்றிய சால்கோவ் இப்போது மூன்று சுற்றும் முடிந்து, இரண்டு டக்குகளும் ஒன்றாக விழுந்து இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் பனித்தளத்திலேயே சரிந்தார்கள். 159.31, அப்போதைய உலகச் சாதனை.

தனி ஆட்டக் காணொளி இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து நிறுத்திவிட்டவர் எதை இழக்கிறார் என்று முழு அமர்வைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசிக் குழுவில் இவர்கள் முதலில் ஆடிவிட்டார்கள். மேலே இருந்த மூன்று ஜோடிகளும் இன்னும் ஆடவில்லை. கனடாவின் டூஹாமெல் - ராட்ஃபோர்ட் வருகிறார்கள், 230.15-இல் நிற்கிறார்கள். ரஷ்யாவின் தராசோவா - மொரோசோவ் வருகிறார்கள். இந்த மொரோசோவ் விளாடிமிர், பழைய துணைவர் ஸ்தானிஸ்லாவ் வேறு ஆள். குழம்ப வேண்டாம், நான் குழம்பினேன். அந்த ரஷ்ய ஜோடியின் பயிற்சியாளர்களில் ஒருவர் வேறு யாருமில்லை, ரோபின் சொல்கோவி. சுய் - ஹானும் வருகிறார்கள். தனித் தாவல்களில் சிறு தடுமாற்றம். நீண்ட பகுதிக்கு 153.08, மொத்தம் 235.47. சவ்சென்கோ - மாசோவின் மொத்தம் 235.90. வேறுபாடு 0.43. ஒரு நடுவர் ஓர் உறுப்புக்கு ஒரு படி குறைத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாளை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரியில் கரைந்துவிடுகிறது, இரண்டு மூன்று நடுவர்கள் இரண்டு மூன்று இடங்களில் குறைத்திருக்க வேண்டும். ஆனாலும் அவ்வளவுதான் தூரம். 1952-இல் ரியா, பால் ஃபால்க் தம்பதியருக்குப் பிறகு ஜெர்மனிக்கு ஜோடி ஆட்டத்தில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. சவ்சென்கோவுக்கு வயது 34, ஐந்தாவது ஒலிம்பிக்.

அந்தக் காத்திருப்பு அரைமணி நேரம்போல ஓடுகிறது. திரையின் ஓரத்தில் சிறிய சதுரத்தில் அவர்களுடைய முகம் அவ்வப்போது வந்துபோகிறது. சேவையின் செயலியில் முழு அமர்வுக்கு அத்தியாயப் பிரிப்பு கிடையாது. விரலால் இழுத்துத் தேடினால் பத்துப் பத்து நிமிடமாகத் தாவுகிறது. நான் ஒரு காகிதத்தில் நேரங்களைக் குறித்து வைத்துக்கொண்டுதான் சமாளித்தேன். கணினி உலாவியில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்த மாதம் மிலானில் 245.84 புள்ளிகளோடு ஆறாவது உலகப் பட்டம். இது முழுமையாக உள்ளது, படத் தரமும் சிறப்பு. முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பின்னால் போகலாம் என்று நினைப்பவர்களைத் தடுக்கமாட்டேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணைச் சேவை இன்றைய எண்களோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. மிலானுக்குப் பிறகு தர மதிப்பு கூட்டல் கழித்தல் 3 என்பதிலிருந்து 5 ஆக மாறியது, நீண்ட பகுதியும் அரை நிமிடம் குறைந்தது. பன்னாட்டு ஒன்றியமே பழைய சாதனைகளை மூடி வைத்துவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறது. படியையும் லிட்டரையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுவதைப் போன்ற வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது.

செலவைப் பற்றி: ஒரு மாதச் சந்தா, இருவர் திரையரங்குக்குப் போய் இடைவேளையில் பாப்கார்னும் வாங்கும் தொகைக்குச் சமம். ஆண்டுச் சந்தா மலிவு என்று திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், கட்ட வேண்டாம். பனிக்காலம் முடிந்தபின் புதிதாக எதுவும் வருவதில்லை. ஒரு மாதத்துக்குக் கட்டி, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, மதிப்பெண் தாள்களை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். இளையோர் ஆட்டங்கள் வேண்டுமென்றால் இங்கே தேடவே வேண்டாம். இளையோர் கிராண்ட் பிரி போட்டிகளைப் பன்னாட்டு ஒன்றியம் பல ஆண்டுகளாக யூடியூபில் இலவசமாகவே ஒளிபரப்புகிறது. புதிய ஜோடிகள் ஒன்றுசேரும்போதே பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுவே சரியான இடம்.

சந்தாவை நிறுத்துவதற்கு முன்பு, பெயர்த் தேடலைத் திருத்தச் சொல்லி வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். ஓலேனா, அல்யோனா, அலியோனா மூன்றையும் இணைக்கும்படியும், 2002-இன் 15-ஆவது ஆட்டம் கையில் இருந்தால் ஏற்றும்படியும் கேட்டிருந்தேன். இரண்டு நாளில் நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது, அதன் கீழே ஆண்டுச் சந்தாவுக்கான தள்ளுபடிக் குறியீடு. நேற்று இரவு மறுபடியும் தேடிப் பார்த்தேன். எடுத்துக்கொண்ட காசுக்கு இன்னும் சில நாட்கள் மிச்சம் இருப்பதால் உள்ளே போக முடிகிறது. ஓலேனா என்று எழுதினால் இப்போதும் ஒன்றும் வரவில்லை.